700 ஆம் இலக்கப் படிவம் பிறந்த கதை

வன்னியில் படிவம் நிரப்பாத குடும்பம் கிடையாது. இடம்பெயர்ந்தபோது ஒன்று, மீளக் குடியேறியபோது ஒன்று, வீட்டுத்திட்டத்துக்கு ஒன்று, காணாமற்போன பிள்ளைக்காக எத்தனையென்று கணக்கில்லை. துணுக்காய் பிரதேச செயலக வாசலில் "எவடத்திலை தம்பி ஒப்பம் வைக்கிறது?" என்று கேட்கிற அம்மாக்களைப் பார்க்கலாம். ஒப்பம் வைக்கமாட்டேன் என்று திரும்பிப் போகிற ஒருவரைப் பார்ப்பது அரிது. அமெரிக்காவில் ஒரு படிவத்துக்கு அதுதான் நடந்தது. இரண்டே பக்கத் தாள். ஒப்பம் வைத்து அனுப்பினால் வேண்டிய விலக்கு கிடைத்துவிடும், கட்டணமும் இல்லை. அதில் கைவைக்கமாட்டோம் என்று, வயோதிபரைப் பராமரிக்கும் கன்னியாஸ்திரிகள் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள்.

அந்தத் தாளின் பெயர் இ.பி.எஸ்.ஏ. படிவம் 700. அமெரிக்கத் தொழில் திணைக்களத்தில் ஊழியர் நலன்களைக் கவனிக்கும் பிரிவு 2013 இல் அதை வெளியிட்டது. நிறுவனத்தின் பெயர், பொறுப்பானவரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், ஒப்பம், திகதி. நடுவில் ஓர் உறுதிமொழி. எங்கள் நிறுவனம் இலாப நோக்கமற்றது, மதம் சார்ந்தது, கருத்தடைச் செலவை ஊழியர் காப்புறுதியில் சேர்ப்பதை மதநம்பிக்கை காரணமாக எதிர்க்கிறோம் என்பது அதன் சாரம். இதைக் காப்புறுதிக் கொம்பனிக்கு அனுப்பிவிட்டால் நிறுவனம் விலகிக்கொள்ளலாம். பெண் ஊழியர்களின் மாத்திரைக்கும் லூப்புக்கும் கொம்பனியே தனியாகச் செலவழிக்கும்.

மாத்திரைக்கும் முதலாளிக்கும் என்ன தொடுப்பு என்று நம்மூர் வாசகர் கேட்பார். நியாயமான கேள்வி. மல்லாவியில் ஒரு பெண்ணுக்கு மாத்திரை வேண்டுமென்றால் கிளினிக் நாளில் போவாள். போகாவிட்டால் மிட்வைஃப் மிஸ் ஸ்கூட்டியில் வீட்டு வாசலுக்கே வருவார். பையில் மாத்திரை அட்டை, ஆணுறைப் பெட்டி, மூலை மடங்கிய பதிவேடு. கர்ப்பிணி என்றால் எச்-512 அட்டை. நம் பெண்களுக்குப் பாடமான இலக்கம் அதுதான். காசு கேட்கிற பேச்சே இல்லை. அவள் வேலைசெய்யும் புடைவைக்கடை முதலாளி பிள்ளையார் கோயில் தலைவரா, பெந்தகொஸ்தே சபைக்காரரா என்பதை எழுத அந்த அட்டையில் கட்டம் கிடையாது. அமெரிக்காவில் அப்படி ஒரு கட்டம் திறந்தது. அதைத் திறந்தது மதமல்ல, உலகப்போர்க் காலத்துச் சம்பளக் கட்டுப்பாடு.

1929 இல் டெக்சாஸ் மாநிலம் டலஸ் நகரில் பேய்லர் வைத்தியசாலைக்குக் காசு வரத்து மோசம். அதைப் பொறுப்பேற்ற ஜஸ்டின் ஃபோர்ட் கிம்பல் முன்பு அந்த நகரப் பாடசாலைகளின் அத்தியட்சகராக இருந்தவர். கட்டப்படாத பில்களைப் புரட்டியபோது பழக்கமான ஆசிரியர் பெயர்கள் நிறைய வந்தன. மாதம் 50 சதம் கட்டுங்கள், சுகவீனம் வந்தால் வருடத்தில் 21 நாள் வைத்தியசாலையில் வைத்துப் பார்க்கிறோம் என்றார். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். பின்னாளில் புளூ குறொஸ் என்று நாடு முழுக்கப் பரவிய காப்புறுதியின் விதை அது. முதலாளிக்கு அதில் இன்னும் பெரிய வேலையில்லை.

பிறகு போர் வந்தது. ஆட்கள் படைக்குப் போய்விட, தொழிற்சாலைகள் கைகளுக்கு அலைந்தன. சம்பளத்தைக் கூட்டி ஆளைப் பிடிக்கலாமென்றால், விலைவாசி ஏறாமல் இருக்க 1942 ஒக்டோபரில் ரூஸ்வெல்ட் அரசு சம்பளத்தைக் கட்டிப்போட்டது. ஆனால் வைத்தியக் காப்புறுதி சம்பளக் கணக்கில் சேராது. உடனே முதலாளிமார் அதைக் காட்டி ஆள் சேர்த்தார்கள். அடுத்த வருடம் வரித் திணைக்களமும் அந்தக் காசுக்கு ஊழியர் வரி கட்டத் தேவையில்லை என்றது. 1954 வரிச் சட்டம் அதை உறுதியாக்கியது. 1940 இல் அமெரிக்கர் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட வைத்தியக் காப்புறுதி இருக்கவில்லை. 1953 இல் நூற்றுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. தற்காலிகக் கட்டுப்பாடு போர் முடிந்ததும் போய்விட்டது, அதன் பக்கத்தில் முளைத்தது போகவில்லை. நமக்கு இது புதினமல்ல. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டமும் "தற்காலிக ஏற்பாடுகள்" என்ற பெயரோடுதான் வந்தது.

இலங்கையிலும் தொடக்கத்தில் மருந்து முதலாளியின் கையில்தான் இருந்தது. கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்கள் வழியிலும் லயத்திலும் செத்து விழுந்துகொண்டிருந்தபோது, 1872 இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்து தோட்டக்காரரின் தலையில் வைத்தியப் பொறுப்பைக் கட்டியது. துரைமார் முகம் சுளித்தது மதத்துக்காக அல்ல, செலவுக்காக. 1958 இலும் 1977 இலும் அடிபட்டு வன்னிக் காடுகளுக்கு வந்து குடியேறிய மலையகக் குடும்பங்களில், தோட்டத்து டிஸ்பென்சரியில் போத்தலைக் கொண்டுபோய் கலவை மருந்துக்கு நின்றதைச் சொல்லும் ஆச்சிமார் இன்னும் இருக்கிறார்கள். துரையின் மனசு சரியில்லாத நாளில் மருந்தும் சரியில்லை.

தோட்டத்துக்கு வெளியே கதை வேறாகப் போனது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு. 1931 இல் சர்வசன வாக்குரிமை. 1934-35 இல் மலேரியா கொள்ளை கொள்ளையாக ஆட்களைக் கொண்டுபோனது. வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் சனம் ஆஸ்பத்திரி கேட்டது. 1951 இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீங்கியது. இடையில் 1971 இல் வெளிநோயாளருக்கு 25 சதம் வைத்துப் பார்த்தார்கள், 1977 இல் அதையும் எடுத்துவிட்டார்கள். குடும்பக்கட்டுப்பாட்டுச் சங்கம் 1953 இல் தொடங்கியது, 1958 இல் சுவீடன் உதவிக்கு வந்தது, 1965 இல் அரசு அந்த வேலையைத் தாய் சேய் நலத்தோடு சேர்த்து மிட்வைஃபின் பையில் போட்டது. கத்தோலிக்கத் திருச்சபைக்கு இது பிடிக்கவில்லை. 1968 இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் செயற்கைக் கருத்தடையை மறுத்துச் சுற்றுமடலே எழுதினார். ஆனால் சுவாமியார் பூசையில் சொன்னது பெண்ணின் காதுக்கும் மனச்சாட்சிக்கும். கேட்டவர்கள் கேட்டார்கள், கேளாதவர்கள் கிளினிக்குக்குப் போனார்கள். இடையில் அவளுடைய சம்பளத் துண்டைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது ஆள் ஒருவர் நிற்கவில்லை.

அமெரிக்காவில் அந்த மூன்றாவது ஆளுக்கு வாய் கிடைத்த விதத்தை நான் வாசித்தபோது, நடந்தது தலைகீழ் என்றுதான் பட்டது. அவருடைய கையில் இருந்த சட்டம் தொழிலாளிகளின் வழக்குகளில் இருந்து பிறந்தது.

அடெல் ஷேர்பேர்ட் தென் கரோலினாவில் நெசவாலைத் தொழிலாளி. ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். சனிக்கிழமை அவருக்கு ஓய்வுநாள். ஆலை வாரத்தில் ஆறு நாள் வேலையென்று மாறியபோது சனிக்கிழமை வர மறுத்தார். வேலை போனது. வேலையற்றோர் கொடுப்பனவு கேட்டார். தருகிற வேலையை மறுத்தவளுக்குக் காசில்லை என்றது மாநிலம். 1963 இல் உச்ச நீதிமன்றம் ஷேர்பேர்ட்டின் பக்கம் நின்றது. ஒருவரின் மதக் கடமைக்கு அரசு சுமை வைக்குமானால், அதற்கு மிக வலுவான காரணம் காட்டவேண்டும் என்ற அளவுகோல் அந்த ஆலைத் தொழிலாளியின் பெயரால் வந்தது.

27 வருடம் கழித்து ஒறிகன் மாநிலத்தில் அல்ஃபிரட் ஸ்மித், கேலன் பிளாக் என்ற இருவர். போதைக்கு அடிமையானவர்களைத் திருத்தும் நிலையத்தில் ஆலோசகர்கள். பூர்வகுடி அமெரிக்கரின் சமயச் சடங்கில் பெயோட்டி என்ற கள்ளி மருந்தை உட்கொண்டதற்காக வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். கொடுப்பனவும் இல்லை. 1990 இல் உச்ச நீதிமன்றம் ஷேர்பேர்ட் அளவுகோலை ஒதுக்கிவைத்து, எல்லோருக்கும் பொதுவான சட்டமென்றால் மதத்தைக் காட்டி விலக்குக் கேட்க முடியாது என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் அன்ரனின் ஸ்காலியா. ஒன்பது பிள்ளைகளின் தகப்பன், தீவிர கத்தோலிக்கர். அவரை மதவிரோதி என்று ஒருவரும் சொல்லமுடியாது.

இடதும் வலதும் சேர்ந்து கொதித்தன. 1993 நவம்பர் 16 ஆம் திகதி கிளின்டன் ஒப்பமிட்ட மத சுதந்திர மீட்புச் சட்டம் பழைய அளவுகோலைத் திரும்பக் கொண்டுவந்தது. செனற் சபையில் 97 பேர் ஆதரவு, 3 பேர் எதிர்ப்பு. சனிக்கிழமை ஆலைக்குப் போகாதவளுக்கும் சடங்கில் கள்ளி தின்றவனுக்கும் காப்பாக ஒரு சட்டம். கைதட்டியவர்களில் எத்தனை பேர், ஒருநாள் ஆலை முதலாளியே இதை எடுத்துக்கொண்டு தொழிலாளியின் எதிரில் நிற்பார் என்று நினைத்திருப்பார்கள்?

அந்த நாள் வர இருபது வருடம் எடுத்தது. 2010 மார்ச்சில் ஒபாமாவின் சுகாதாரச் சட்டம். நோய்த்தடுப்புச் சேவைகளைக் காப்புறுதி இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்றது. பெண்களுக்கான தடுப்புச் சேவைகளையும் அதில் சேர்க்கவேண்டுமென்று பிடிவாதமாக நின்றவர் செனற்றர் பார்பரா மிக்குல்ஸ்கி. எவை அந்தச் சேவைகள்? மருத்துவ அறிஞர் குழு 2011 ஜூலையில் பட்டியல் கொடுத்தது. உணவு மருந்து நிர்வாகம் அங்கீகரித்த கருத்தடை முறைகள் எல்லாம் அதில் இருந்தன. தேவாலயங்களுக்கு முழு விலக்கு. ஆனால் தேவாலயம் நடத்தும் வைத்தியசாலை, பல்கலைக்கழகம், முதியோர் இல்லம்? அங்கே வேலைசெய்கிற தாதியும் சமையற்காரியும் அதே மதமாக இருக்கவேண்டுமென்றில்லையே. ஆயர்கள் எதிர்த்தார்கள். 2012 பெப்ரவரியில் ஒபாமா ஒரு நடுவழி சொன்னார்: நிறுவனம் விலகட்டும், காப்புறுதிக் கொம்பனி கொடுக்கட்டும். விலகுகிறேன் என்பதை எழுத்தில் சொல்ல ஒரு தாள் வேண்டுமல்லவா? 2013 ஜூலை விதிகளோடு படிவம் 700 பிறந்தது. சமாதானத்துக்குப் பிறந்த பிள்ளை.

இலாபத்துக்கு நடக்கும் கொம்பனிகளுக்கு அப்போது அந்தப் படிவம் கிடையாது. இங்கேதான் டேவிட் கிறீன் வருகிறார். 1970 இல் 600 டொலர் கடன் வாங்கி, வீட்டிலே சின்னப் படச்சட்டங்கள் செய்யத் தொடங்கியவர். அது ஒக்லஹோமா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஹொபி லொபி என்ற கைவினைப் பொருள் கடைச் சங்கிலியாக வளர்ந்தது. 2014 அளவில் 500 கடைகள், 13,000 முழுநேர ஊழியர்கள். ஞாயிறு கடை பூட்டு. (கிறீன் என்றதும் யாழ்ப்பாணத்தாருக்கு மானிப்பாய் ஞாபகம் வரும். மசச்சூசெற்ஸிலிருந்து மிஷனுக்கு வந்து தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் வேறு ஆள், வேறு நூற்றாண்டு. அமெரிக்கரின் மதம் நம் பெண்களிடம் மருந்தைக் கொண்டும் வந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.)

கிறீன் குடும்பம் எல்லாக் கருத்தடையையும் எதிர்க்கவில்லை. பட்டியலில் இருந்த 20 முறைகளில் 16 சரி. அவசர மாத்திரை இரண்டும் லூப் வகை இரண்டும் கருவுற்ற முட்டையைக் கருப்பையில் தங்கவிடாமல் தடுக்கும், அது உயிரைக் கொல்வது என்று வழக்குப் போட்டார்கள். அவை பிரதானமாக அப்படி வேலைசெய்வதில்லை என்று மருத்துவச் சங்கங்கள் கூறின. நீதிமன்றம் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. நம்பிக்கை உண்மையானதா என்றுதான் பார்க்கவேண்டும், சரியானதா என்றல்ல. வழக்குக்கு முன்னர் அந்த இரண்டு மாத்திரைகளுக்கும் அவர்களுடைய காப்புறுதியே செலவழித்து வந்திருக்கிறது. கவனிக்கவில்லை, கண்டதும் நிறுத்தினோம் என்றார்கள். பென்சில்வேனியாவில் அலுமாரிப் பலகை செய்யும் கொனெஸ்டோகா என்ற கொம்பனியின் மெனனைற் குடும்பமும் சேர்ந்துகொண்டது. மறுத்தால் தண்டம் ஓர் ஊழியருக்கு நாளுக்கு 100 டொலர். ஹொபி லொபிக்கு வருடம் 47.5 கோடி டொலர் வரும்.

2014 ஜூன் 30, திங்கட்கிழமை. ஐந்துக்கு நான்கு. நெருக்கமான குடும்பத்தார் கையில் உள்ள கொம்பனிக்கும் 1993 சட்டம் பொருந்தும், அரசு அவர்களை வற்புறுத்த முடியாது என்று நீதியரசர் சாமுவேல் அலிட்டோ எழுதினார். லூப் வைப்பதற்கான செலவு, அடிமட்டச் சம்பளத்தில் முழுநேரம் வேலைசெய்யும் பெண்ணின் ஒரு மாத உழைப்புக்குக் கிட்ட வரும் என்று மறுப்புத் தீர்ப்பில் எடுத்துக்காட்டியவர் ரூத் பேடர் கின்ஸ்பேர்க். பெரும்பான்மையின் பிரதான வாதம் இதுதான்: பெண்களுக்கு மாத்திரை கிடைக்க இதைவிட இலகுவான வழி அரசின் கையிலேயே இருக்கிறது, மத நிறுவனங்களுக்குக் கொடுத்த ஏற்பாட்டை இவர்களுக்கும் கொடுக்கலாம். அதாவது, படிவம் 700. திங்கட்கிழமை அந்தத் தாளுக்கு அப்படி ஒரு மரியாதை.

வியாழக்கிழமை, ஜூலை 3. இலினோய் மாநிலத்து வீற்றன் கல்லூரி, அந்தப் படிவத்தில் ஒப்பம் வைப்பதே எங்களுக்குப் பாவம் என்று வந்து நின்றது. அதே நீதிமன்றம், படிவம் வேண்டாம், சுகாதார அமைச்சுக்கு எழுதி அறிவித்தால் போதும் என்று இடைக்கால உத்தரவு கொடுத்தது. மூன்று நாளுக்கு முன் எதைக் காட்டி வென்றீர்களோ அதையே இன்று தள்ளிவைக்கிறீர்களே என்று நீதியரசர் சோனியா சொடமயோர் சூடாக எழுதினார். நீதிமன்றத்தின் பெண் நீதியரசர் மூவரும் மறுப்பின் பக்கம்.

சொடமயோருக்கும் அந்தப் படிவத்துக்கும் அதற்கு முன்பே பழக்கம். ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்ற சபை 1839 இல் பிரான்சில் ஜீன் ஜூகன் தொடங்கியது. கொழும்பு மருதானையிலும் அவர்களுடைய முதியோர் இல்லம் இருக்கிறது. டென்வர் நகரச் சகோதரிகளுக்கு 2014 பிறந்ததும் விதி நடைமுறைக்கு வரவேண்டும். 2013 டிசம்பர் 31 இரவு, நியூயோர்க் ரைம்ஸ் சதுக்கத்தில் புதுவருடப் பந்தை இறக்கும் பொத்தானை அமத்தப் போயிருந்த அதே சொடமயோர்தான், அன்றிரவே சகோதரிகளுக்கான தற்காலிகத் தடை உத்தரவையும் கொடுத்தார். இன்னொரு வேடிக்கை: சகோதரிகளின் காப்புறுதி திருச்சபைத் திட்டத்தின் கீழ் இருந்ததால், அவர்கள் ஒப்பம் வைத்தாலும் அதை நடத்தியவர்களைக் கருத்தடை கொடுக்கும்படி அரசால் கட்டாயப்படுத்த முடியாது என்று அரசே நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டது. ஒருவருக்கும் ஒன்றும் நடக்காத ஒப்பத்துக்கு ஏழு வருட வழக்கு.

சகோதரிகளைச் சிரித்துத் தள்ள எனக்கு மனமில்லை. ஒரு தாளில் பெயர் எழுதினால் அதற்குப் பிறகு நடப்பதில் தனக்கும் பங்குண்டு என்று நினைப்பவரை நம் ஊரில் விசர் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் சிக்காகோ மேன்முறையீட்டு நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர், 2014 பெப்ரவரியில் நோட்ரடாம் பல்கலைக்கழக வழக்கில் ஓர் உதாரணம் வைத்தார். போர்க்காலம். கட்டாய ஆட்சேர்ப்பு. குவேக்கர் ஒருவர், என் மதம் போரை மறுக்கிறது என்கிறார். சரி, நீ போ, உனக்குப் பதில் இன்னொருவரைக் கூப்பிடுவேன் என்கிறார் அதிகாரி. இல்லை, நான் மறுத்தபடியால்தானே அவனைப் பிடிக்கிறாய், அதுவும் என் பாவம், அவனையும் கூப்பிடக்கூடாது என்று குவேக்கர் சொன்னால் எப்படி?

போஸ்னருக்கு அது கற்பனை. வீட்டுக்கு ஒருவரைப் போருக்குக் கேட்ட காலத்தை வன்னியில் கடந்தவர்களுக்குக் கற்பனையல்ல. தன் பிள்ளையை ஒளித்துவைத்த தாய்க்கு, அடுத்த வளவுப் பிள்ளை போன இரவில் நித்திரை வந்ததா என்று கேட்டுப்பார்த்தால் தெரியும். அந்தத் தாயின் மனப்பாரம் உண்மை. அதைக் காட்டி அவள் ஒரு சட்டம் கேட்கவில்லை, கேட்டாலும் கொடுப்பாரில்லை. என் மனம் போஸ்னர் பக்கம்தான் சாய்கிறது: என் மனச்சாட்சி என் கையைக் கட்டலாம், பக்கத்து வீட்டாளின் கையைக் கட்டமுடியாது. சம்பளம் கொடுப்பவரின் மனச்சாட்சிக்கு மட்டும் அவ்வளவு நீளக் கை எப்படி வந்தது? 1942 இல் மருந்துப் பெட்டியின் திறப்பை அவரிடம் கொடுத்தபடியால் வந்தது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஸ்காலியா இறந்து எட்டுப் பேரோடு இருந்த நீதிமன்றம் 2016 மேயில் முடிவெடுக்காமல், நீங்களே பேசித் தீருங்கள் என்று வழக்குகளைக் கீழே அனுப்பியது. டிரம்ப் அரசு 2018 நவம்பரில் விலக்கை அகலத் திறந்தது. மத எதிர்ப்பு உள்ள எந்த முதலாளியும் விலகலாம், படிவமும் கட்டாயமில்லை என்றது. அரசின் சொந்த மதிப்பீட்டிலேயே 70,500 முதல் 126,400 வரையான பெண்கள் இலவசக் கருத்தடையை இழப்பார்கள். 2020 மேயில் அந்த விதிகளுக்கு எதிரான வழக்கின் விசாரணை உச்ச நீதிமன்றத்தில் தொலைபேசி வழியாக நடந்தபோது கின்ஸ்பேர்க் வைத்தியசாலைக் கட்டிலிலிருந்தே கேள்வி கேட்டார். ஜூலை 8 இல் ஏழுக்கு இரண்டு என்று அரசு வென்றது. செப்டெம்பரில் அவர் இறந்துபோனார். 2025 ஓகஸ்டில் பிலடெல்பியாவின் மாவட்ட நீதிபதி வென்டி பீற்றில்ஸ்டோன், வேறு காரணங்களில் அந்த 2018 விதிகளை மறுபடி விழுத்தினார். டெக்சாஸில் இன்னொரு கிறிஸ்தவ முதலாளி, எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரைக்குச் செலவழிக்கமாட்டேன் என்று தொடுத்த வழக்கில் 2022 இல் கீழ் நீதிமன்றத்தில் தன் மத எதிர்ப்பை நிலைநாட்டிக்கொண்டார். பெண்களின் மாத்திரையில் தொடங்கியது அதோடு நிற்கவில்லை.

அப்படியானால் மிட்வைஃப் பை வந்து போகிற நம் நாடு தப்பிப் பிழைத்தது என்று எழுதி முடிக்க ஆசை வரும். படிவம் 700 வெளிவந்த அதே 2013 இன் ஓகஸ்டில், மல்லாவியிலிருந்து வடமேற்கே பூநகரிப் பக்கம் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில் என்ன நடந்ததாகச் சொல்லப்பட்டது என்பதை வன்னியார் மறக்கமாட்டார்கள். பிள்ளைகளைக் காட்ட வந்த தாய்மாருக்குப் போதிய விளக்கமும் சம்மதமும் இல்லாமல், மேல்கையில் தோலுக்குக் கீழ் ஐந்து வருடம் கருத்தரிக்காமல் தடுக்கும் ஜடெல் குச்சிகள் வைக்கப்பட்டன என்பது முறைப்பாடு. போர் முடிந்து நான்கு வருடம். பிள்ளைகளைப் பறிகொடுத்த சனம். வலைப்பாடு கத்தோலிக்க மீனவக் கிராமம். அந்தப் பெண்களின் மதம் என்ன சொல்கிறது என்று கேட்க அங்கே ஒரு படிவமும் நீட்டப்படவில்லை. திறப்பு முதலாளியிடம் இருந்தாலும் அரசிடம் இருந்தாலும், பெண்ணைக் கேட்காமல் பெட்டியைத் திறக்கவும் பூட்டவும் முடியும்.

முதலாளியின் பையும் நம்மிடம் முற்றாக இல்லாமல் போகவில்லை. வைத்தியம் அரசின் செலவு. ஆனால் 1939 இன் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பிரசவ விடுமுறைச் சம்பளத்தை முழுக்க முதலாளியின் தலையில் வைத்தது. 2018 வரை மூன்றாவது பிள்ளையிலிருந்து விடுமுறை பாதியாகக் குறைந்து 42 நாள். எத்தனையாவது பிள்ளை என்று சட்டமே எண்ணியது. 2018 இன் 15 ஆம் இலக்கத் திருத்தம்தான் எந்தப் பிள்ளைக்கும் 84 நாள் என்று ஆக்கியது. நல்லது. ஆனால் காசு யார் பையிலிருந்து என்ற வரியில் கைவைக்கவில்லை. அறிவியல்நகர் ஆடைத் தொழிற்சாலை போன்ற பெரிய இடங்கள் தாங்கிக்கொள்ளும். இரண்டு பெண்களை வைத்துக் கடை நடத்துபவர், வேலை கேட்டு வரும் பிள்ளையிடம் "கலியாணம் பேசியிருக்கோ?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைக் கதைப்பார். அதற்கு மதம் தேவையில்லை, கணக்குப் புத்தகம் போதும்.

இத்தனைக்கும், மகப்பேற்றுக் கொடுப்பனவை எந்த முதலாளியும் தனித்துச் சுமக்கக்கூடாது, பொது நிதியிலிருந்தோ சமூகக் காப்புறுதியிலிருந்தோ வரவேண்டும் என்று சொல்லும் சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 103 ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை ஏற்றுக்கொண்டது 1993 இல், கிளின்டன் மத சுதந்திர மீட்புச் சட்டத்தில் ஒப்பம் வைத்த அதே வருடம். அதற்கான நிதி மட்டும் இன்னும் வரவில்லை. கொழும்பிலே கலந்துரையாடல்கள் நடக்கின்றன. மல்லாவிக் கடைத்தெருவில் "கலியாணம் பேசியிருக்கோ?" என்ற அந்தக் கேள்வியும் தொடர்ந்து கேட்கப்படுகிறது.